செவலையின் மணல்

செவலை எங்கள் மாத்தளை வீட்டுக்கு வந்தபோது முழு வளர்ந்த கடுவன். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்தின் கடைசியில் இருந்த அம்மாயியின் தொங்க வீட்டில் பிறந்து வளர்ந்தவன். 2021இல் அம்மாயி காலமாகி, காம்பராவைக் காலி செய்தபோது அவனை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் தாங்கள் சோறு போடுவதாகச் சொன்னார்கள். அம்மா ஒப்பவில்லை. "எங்கம்மா கையால சாப்பிட்டது. அது நம்மகிட்டயே கெடக்கட்டும்" என்று மரக்கறிக் கூடையில் வைத்து, மேலே சேலையால் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார்.

தோட்டத்தில் அவன் எங்கே ஒதுங்கினான் என்று யாரும் யோசித்ததே இல்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் அடுப்புச் சாம்பல் கொட்டும் குழி, அதைத் தாண்டி அம்மாயியின் கீரைப்பாத்தி, அதற்கும் அப்பால் மிளகுக் கொடிகளின் அடியில் பொலபொலவென்ற மண். டவுன் வீட்டிலோ மூன்று பக்கமும் சிமெந்து. முற்றம் என்று பெயருக்கு ஒரு துண்டு, அதிலும் பூச்சட்டிகள். அவன் வந்ததும் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஒக்டோபரில் தொடங்கினால் ஜனவரி வரைக்கும் மாத்தளையில் நனையாத மண்ணைப் பார்ப்பது அரிது. வெளியே போக மழை விடவில்லை. போனாலும் தோண்ட இடமில்லை.

தம்பி கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தான். மூடி போட்டு, முன்னால் ஒரு துவாரம் விட்ட பெட்டி. உள்ளே போடுவதற்கு லெவெண்டர் வாசனை ஏற்றிய சிலிக்கா பளிங்குத் துண்டுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. செவலை ஓரிரு தடவை உள்ளே போய் வந்தான். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதலில் அரிசிச் சாக்கின் மேல், அடுத்து வாசல் மிதியடியில், கடைசியில் அம்மா மடித்து வைத்திருந்த சேலைகளின் மேல்.

சேலையில் போனதும் அம்மாவின் பொறுமை தீர்ந்துவிட்டது. "வேணும்னுதான் செய்யுது புள்ள. தோட்டத்தவிட்டுக் கூட்டியாந்த கோவம் அதுக்கு" என்றார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பூனை பழி வாங்கும் என்பது நம்மிடம் ஆழமாக ஊறிய நம்பிக்கை. எனக்கு அது அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. தன் சிறுநீரின் வாடை பூனைக்கு அருவருப்பான ஒன்றே அல்ல. அருவருக்காத ஒன்றை இன்னொருவருக்குத் தண்டனையாக அது எப்படிக் கொடுக்கும்? நாறுகிறது என்று நாம் முகம் சுளிப்பதை, பூனை நம்மேல் செய்த குற்றமாக எழுதிவைத்துவிட்டு, அதை மீன் மார்க்கெட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். நம் ஊரில் இப்படித் தெருவுக்குப் போன வளர்ந்த பூனைகள் எத்தனையோ. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை மத்திய கிழக்கின் வரண்ட நிலத்துக் காட்டுப்பூனை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வொன்று நிறுவியது. கால் வைத்ததும் விலகிக்கொடுக்கும் பொடி மண்ணில் தோண்டி, இருந்து, மூடிவிட்டுப் போகும் பழக்கம் அங்கிருந்து வருவது. அதற்கு மேல் குட்டிப் பருவத்தில் எந்த மண்ணில் பழகியதோ அந்த மண்ணின் ஞாபகம் பூனையின் பாதத்தில் தங்கிவிடுகிறது. சாம்பலிலும் கீரைப்பாத்தியிலும் வளர்ந்தவனிடம், குத்துகிற பளிங்கையும் மூக்கை அடைக்கிற வாசனையையும் கொடுத்து, மூடிய பெட்டிக்குள் போ என்றால் அவன் எங்கே போவான்? அரிசிச் சாக்கு அவனுக்குக் காலுக்கு மெத்தென்று இருந்தது. சேலை அதைவிட மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பூனைக்கு மண் கடையில் விற்பதே அண்மைக்காலத்துச் சங்கதி. 1947 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்ற இளைஞரிடம் அயல்வீட்டுப் பெண் ஒருவர் பூனைக்காக மணல் கேட்டு வந்தார். அவருடைய மணல் கும்பி பனியில் உறைந்துபோயிருந்தது. சாம்பலைப் போட்டால் பூனை வீடெல்லாம் கரிக்கால் வைத்தது. தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தாம் விற்றுக்கொண்டிருந்த களிமண் குருணையில் கொஞ்சத்தை லோ அள்ளிக் கொடுத்தார். அதிலிருந்துதான் இந்த வியாபாரமே பிறந்தது. ஈரம் பட்டால் கட்டி பிடிக்கிற பெண்டோனைட் களிமண் 1984இல்தான் வந்தது. லோவின் களிமண்ணுக்கு முன் உலகம் முழுக்கப் பூனைகள் அம்மாயி வீட்டுச் செவலை போனது போலச் சாம்பலிலும் மணலிலும் போய்க்கொண்டிருந்தவைதான்.

வீட்டில் கிடந்த பழைய பேசின்களை எடுத்துக் குளியலறைக்குப் போகும் நடையில் வரிசையாக வைத்தேன். அயலில் வீடு கட்டியவரிடம் மிஞ்சிய சுது கங்கை மணலை வாங்கி, அரித்து, கழுவி, காயவைத்து ஒன்றில் போட்டேன். ஒன்றில் மர ஆலையின் தூள், ஒன்றில் தும்புத்தூள், ஒன்றில் சாதாரண மண். சாம்பல் போடலாம் என்றார் அம்மா. ஈரம் பட்ட சாம்பல் காரமாகிப் பாதத்தைப் புண்ணாக்கும் என்பதால் அதை மட்டும் நான் சேர்க்கவில்லை. தம்பி வாங்கிய பெட்டியையும் மூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

செவலை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு வந்தான். தும்புத்தூளில் முன்காலை வைத்ததும் எடுத்து உதறினான். மரத்தூளில் ஏறி நின்று யோசித்துவிட்டு இறங்கிவிட்டான். மணல் பேசினுக்கு வந்ததும் உடம்பே மாறியது. வலது முன்காலால் ஒரு இழுப்பு. இழுத்த இடத்தை முகர்ந்தான். மறுபடி இரண்டு காலாலும் வேகமாகத் தோண்டினான். திரும்பி, முதுகைச் சற்றே வளைத்து, பின்பக்கத்தைத் தாழ்த்தி உட்கார்ந்தான். காது இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்து இறங்கின. முடிந்ததும் எழுந்து மூடினான். மணல் நடையெல்லாம் தெறித்தது. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் மணலை அரிப்பதற்கு அம்மாவே உட்கார்ந்துவிட்டார்.

ஆற்று மணலுக்கு வேலை அதிகம். அது கட்டி பிடிக்காது. அடியில் ஈரம் தேங்கும். கழிவைத் தினமும் அள்ளினாலும் போதாது, மணலை அடிக்கடி முழுதாக மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் கழுவிய மணலைக் காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புக்கு மேலே தகரத் தட்டில் பரப்பிக் காயவைத்தோம். பேசின் பூனையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்காவது நீளமாக இருக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஒரு பூனைக்கு இரண்டு பேசினாவது வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் படித்தும் பார்த்தும் கற்றுக்கொண்டேன். வீட்டில் நாற்றம் நின்றுபோனது.

மாசி மகம் வந்தது. முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் அந்த நாள்களில் மாத்தளையில் பிறந்தவர்கள் எங்கிருந்தாலும் வந்து சேருவார்கள். எங்கள் வீடும் நிறைந்தது. நடையில் பாய் விரித்துப் படுத்தார்கள். பேசின்கள் பின் முற்றத்துக்குப் போயின. லவுட்ஸ்பீக்கர், வெடி, பிள்ளைகளின் கூச்சல். செவலை கட்டிலுக்கடியில் சுவரோரம் ஒட்டிக்கொண்டவன், ராத்திரியில்தான் தண்ணீர் குடிக்கவே வந்தான்.

எல்லோரும் போய், வீடு பழையபடி அமைதியானது. ஆனால் அவன் பழையபடி ஆகவில்லை. பேசினில் ஏறுவான், உட்காருவான், இறங்குவான். உடனே மறுபடி ஏறுவான். பிறகு மணலையே விட்டுவிட்டுக் குளியலறையின் ஈரத் தரையில், தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வந்தது சில சொட்டுகள்தான். வெள்ளைத் தரையில் அவை ரோஸ் நிறமாகத் தெரிந்தன. அடியை ஓயாமல் நக்கினான். மறுநாள் சொட்டும் நின்றுபோய், அடித்தொண்டையில் ஒரு சத்தம் வரத் தொடங்கியது.

மலச்சிக்கல் என்றார்கள். விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள். வலிக்குப் பாதிப் பனடோல் கரைத்து ஊற்றச் சொன்னவரும் நல்ல மனதோடுதான் சொன்னார். பரசிட்டமோலைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் கெட்டு, ஒட்சிசன் எடுத்துப்போக முடியாமல் போகும். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இலங்கையில் பனடோல் இல்லாத வீடு இல்லை.

அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தோடம்பழம் போல உருண்டு கெட்டித்துக் கிடந்தது. தொட்டதும் என் கையைக் கடித்தான். அவன் அதுவரை யாரையும் கடித்தவனில்லை. 2022 மார்ச் அது. பெற்றோல் வரிசைகள் தெருவைச் சுற்றி வளைத்து நின்ற காலம். பக்கத்து ஓட்டோக்கார அண்ணன் டேங்கியில் இருந்ததைக் கணக்குப் பார்த்துவிட்டு, "ஏறுங்க தங்கச்சி, போய் வந்துரலாம்" என்றார். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டி, அதற்கப்பால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை. சுமார் முப்பது கிலோமீற்றர். கூடைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சத்தம் நின்றபோதுதான் எனக்குப் பயம் அதிகமாகியது.

கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிக ஒடுங்கியது. பூனையின் சிறுநீர்ப்பை அழன்றால் சளியும் உப்புப் பளிங்குகளும் சேர்ந்து அந்த ஒடுக்கத்தை அடைத்துவிடும். அடைத்தால் வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும். இருதயத் துடிப்பு குழம்பும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பெட்டைப் பூனைக்கும் இந்த அழற்சி வரும், ஆனால் அடைப்பது பெரும்பாலும் கடுவனுக்குத்தான். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, கழுவித் திறந்தார்கள். பை நிறைய இரத்தம் கலந்த சிறுநீர் இறங்கியது. குழாயோடு அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

டொக்டர் இளம் பெண். சிங்களமும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். இளம் பூனைகளில் இந்தச் சிறுநீர்க் கோளாறுக்குக் கிருமி காரணமாவது அரிது. பெரும்பாலும் காரணமே கண்டுபிடிக்க முடியாத அழற்சி. பயமும் மாற்றமும் அதைக் கிளப்பிவிடும். "வீட்டில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார். தேர் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்.

ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மிருக வைத்தியர் தமது ஆராய்ச்சிக் காலத்தின் பெரும்பகுதியை இந்த நோய்க்கே கொடுத்தார். 2006இல் அவரும் கூட்டாளிகளும் இந்த அழற்சி வந்த 46 வீட்டுப் பூனைகளைப் பத்து மாதம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூனையின் வீட்டுச் சூழலைத் திருத்துவதுதான் அங்கே வைத்தியம். ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், தொந்தரவில்லாத மண் பெட்டி, தினமும் ஒரே மாதிரியான நடப்பு. நோய்க் குறிகளும் குறைந்தன, மிரட்சியும் குறைந்தது. இதைப் படித்த பிறகு, மண் பெட்டியை விட்டு வெளியே போகும் பூனையை முதலில் வைத்தியரிடம்தான் காட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. உடம்பைப் பார்க்காமல் மணலை மாற்றிக்கொண்டிருந்தால் பூனை செத்துப்போகும்.

திரும்பி வந்த செவலை பழைய பேசினைக் கண்டாலே விலகினான். மணலில் உட்காரும்போது வந்த வலியை அவன் மணலோடு சேர்த்து வைத்திருந்தான். புதுப் பேசின் வாங்கி, அம்மாவின் அறையில், கதவுக்குப் பின்னால் வைத்தோம். உப்பில்லாமல் அவித்த சாளை மீனை அவித்த தண்ணீரோடு கொடுத்தோம். இறக்குமதி பிஸ்கட்டுத் தீன் அப்போது கைக்கெட்டாத விலைக்குப் போயிருந்தது. டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறிய காலம். தண்ணீர் நிறைய உள்ளே போனால் சிறுநீர் அடர்த்தி குறையும். அதுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து. சாப்பாட்டுக்குத் தள்ளி இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்க் கோப்பை வைத்தோம். அம்மாவின் அறைக் கதவுக்குப் பின்னால் அவன் மணலைக் கிளறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்ப்பார்.

ஆனாலும் வீட்டில் எங்கோ வாடை இருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடைகளில் நோட்டு கள்ளமா என்று பார்க்க வைத்திருக்கும் ஊதா டோர்ச் ஒன்றைத் தெரிந்த கடைக்காரரிடம் இரவல் வாங்கினேன். பூனையின் சிறுநீர் காய்ந்த இடம் அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். இருட்டு வீட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தரையில் ஒன்றுமில்லை. பின்கதவின் நிலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தெறித்து, கோடு கோடாக வழிந்த தடங்கள். சன்னலுக்குக் கீழேயும் அப்படியே. அம்மா பின்னாலேயே வந்து, "கடவுளே" என்றார்.

இது வேறு சங்கதி. ஒதுங்கும் பூனை தாழ்ந்து உட்கார்ந்து, கிடைத்தளத்தில், நிறையப் போகும். எல்லை குறிக்கும் பூனை நின்றபடி வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரில் கொஞ்சமாகப் பீச்சும். மண் பெட்டியில் குறையே இல்லாவிட்டாலும் அதைச் செய்யும். சன்னலுக்கு வெளியே ஒரு சாம்பல் நிறக் கடுவன் நடமாடியதை நாங்கள் கண்டிருந்தோம். நலமடிக்காத கடுவனின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகச் சேர்மம் அதிகம். அது சிதைவதால் வருவதுதான் அந்தக் குடலைப் பிடுங்கும் வாடை. நலமடித்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் இதை விட்டுவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். சின்னதிலேயே நலமடித்தாலும் கடுவன்களில் நூற்றுக்குப் பத்தும் பெட்டைகளில் நூற்றுக்கு ஐந்தும் பின்னாளில் பீச்சும் என்கிறது 1984இன் ஆய்வொன்று. உடம்பு தேறியதும் செவலைக்கு ஒப்பரேஷன் செய்தோம். சன்னலின் கீழ்ப் பாதிக்குப் பேப்பர் ஒட்டி வெளியே தெரியாமல் மறைத்தோம்.

கழுவியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பானைச் சிறுநீர் மேல் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். அமோனியா கலந்தவை பூனைக்குச் சிறுநீராகவே மணக்கும். பூனை வந்து அதன் மேலேயே மறுபடி போகும். தண்ணீரில் கலந்ததும் வெள்ளையாகக் கலங்கும் பீனோல் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பூனை வராமலிருக்க மூலையில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். துணியால் ஒற்றியெடுத்து, நொதியம் கலந்த சலவைத்தூளைக் கரைத்து ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, ஊதா டோர்ச்சால் மறுபடி பார்த்து, மறுபடி கழுவினோம். மழை ஈரத்தில் பழைய வாடை எழும்பாமல் போகிற வரைக்கும் அதைச் செய்தோம்.

தம்பி சம்சாரம் முழுகாமல் இருந்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து பூனையை உடனே அப்புறப்படுத்தச் சொல்லிச் செய்தி வந்தது. பிள்ளைக்குக் கேடு என்றார்கள். வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் அவளே கேட்டாள். கேடு இருக்கிறது என்பது உண்மை. டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம். ஆனால் பூனை அதை வெளியேற்றுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை, தொற்றிய பின் ஒன்று முதல் மூன்று கிழமை வரைக்கும்தான். வெளியே வந்ததும் அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அரைகுறையாக வெந்த இறைச்சியும், கழுவாத கீரையும், தோட்ட மண் படிந்த கையும் அதைவிடப் பெரிய வழிகள். "நீங்க அள்ளாதீங்க, வேற ஆள் அள்ளட்டும். கீரையை நல்லாக் கழுவுங்க" என்றார் மிஸ். "நான்தானே மிஸ் அள்ளுறேன்" என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெண் குழந்தை பிறந்தது, நல்ல சுகமாக.

இப்போது அயலில் யார் வீட்டிலாவது பூனை கண்ட இடத்தில் போனால் என்னைத் தேடி வருகிறார்கள். போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். பதினான்கு வயதுப் பெட்டை. இத்தனை காலமும் ஒழுங்காக இருந்தது, இப்போது பேசினுக்கு முன்னாலேயே போய்விடுகிறது. வீட்டில் மகன் அதைக் கொண்டுபோய் விடச் சொல்கிறான் என்று கண் கலங்கினார். போய்ப் பார்த்தேன். பேசினின் விளிம்பு அதன் நெஞ்சளவு உயரம். அது வந்து நின்று, முன்காலைத் தூக்கி விளிம்பில் வைத்து, பின்காலைத் தூக்க முடியாமல் இறக்கிவிட்டு, அங்கேயே இருந்துவிட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட நூறு பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டின் ஆய்வில் தொண்ணூறுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. முதலில் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னேன். முதிய பூனைக்கு இந்தப் பழக்கம் மாறினால் சிறுநீரகமும் சர்க்கரையும் பார்த்தாக வேண்டும். இரண்டிலும் கோளாறு இல்லை என்று வந்தது. பிறகு கத்தியை அடுப்பில் சூடாக்கி, பேசினின் ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, அது படுக்கும் அறைக்கே கொண்டுபோய் வைத்தோம். பின்னேரமே ஏறிப் போனது என்று டீச்சர் போன் எடுத்தார். மூட்டு வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்க அடுத்த கிழமை பேராதனைக்குப் போனார். மகன்தான் கூட்டிப்போனான்.